நன்னீர்ச் சூழலியலில் ஆராய்ச்சிப் பட்டம்: நம்ம மலைநாட்டு ஓடைகளை வைத்தே செய்ய முடியுமா?

அகரக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விலங்கியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டேன். கடைசி வருட ஆய்வுக்கு இலங்கை மலைநாட்டில் எங்கள் ஊர்ப் பக்கம் அக்ர ஓயா என்ற ஆற்றில் வந்து விழும் ஒரு சின்ன ஓடையை எடுத்தேன். கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் புழு பூச்சிகளை எண்ணி, தண்ணீரின் தரத்தோடு ஒப்பிடுகிற வேலை. அதற்குப் பிறகு வேறு வேலை எதிலும் மனம் ஒட்ட மறுக்கிறது.

வீட்டு நிலைமை இதுதான்: அம்மா இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறார். தம்பி ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதப் போகிறான். ஆசிரியர் நியமனம் கிடைத்தால் போய்விடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன். கையில் இருந்து பெரிதாகக் காசு போடாமல் நன்னீர்ச் சூழலியலில் எம்.பில். அல்லது பி.எச்.டி. செய்ய இங்கே என்ன வழிகள் உள்ளன? நேரே வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கலாமா, இல்லை இங்கே ஒரு பட்டம் செய்துவிட்டுப் போவதா? இந்தத் துறையில் இருக்கிற அண்ணாமார், அக்காமார் யாராவது விளக்கமாகச் சொன்னால் பெரிய உதவி.


ஹந்தானை எழுதியது:

தங்கச்சி, முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் நடத்தும் முதுமாணிகளில் பலவும் பாடநெறி வகை. வார இறுதியில் வகுப்பு, கட்டணம் நீங்கள்தான் கட்ட வேண்டும். நீங்கள் கேட்பது அது இல்லை. எம்.பில்., பி.எச்.டி. இரண்டும் முழுக்க ஆராய்ச்சி. நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் எம்.பில். 11ஆம் மட்டம், பி.எச்.டி. 12ஆம் மட்டம். முழுநேரமாகச் செய்தால் எம்.பில்.லுக்குக் குறைந்தது இரண்டு வருடம், பி.எச்.டி.க்கு மூன்று. சிறப்புப் பட்டம் இருப்பதால் எம்.பில்.லுக்கு நேரே பதிவு செய்யலாம். வேலை நன்றாகப் போனால் இடையில் பி.எச்.டி.யாக உயர்த்திக்கொள்ளக் கேட்கவும் இடம் உண்டு.

காசுக்கு வழி என்னவென்றால், ஒரு பேராசிரியர் தேசிய விஞ்ஞான மன்றத்திலோ தேசிய ஆராய்ச்சிப் பேரவையிலோ பல்கலைக்கழகத்துக்குள்ளேயோ ஆய்வு மானியம் எடுத்திருப்பார். அந்தப் பணத்தில் ஆய்வு உதவியாளர் ஒருவரை மாதப் படியோடு எடுப்பார். அந்த ஆள் அதே வேலையை வைத்து எம்.பில். பதிவு செய்வார். இங்கே ஆராய்ச்சிக்கு வருகிற நிறையப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். கண்டியில் ஹந்தானை வீதியில் இருக்கிற தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தையும் பாருங்கள். 1981இல் தொடங்கிய அரச நிறுவனம். அங்கே ஆய்வு உதவியாளர்களை எடுப்பார்கள், பட்டத்துக்கான பதிவு பேராதனையில். நீர், நுண்ணுயிர், சுற்றாடல் சார்ந்த ஆய்வுக் குழுக்கள் அங்கே உண்டு.

அறிவித்தல் பத்திரிகையில் வரும்வரை காத்திருக்காதீர்கள். நிறைய இடங்கள் அறிவித்தலுக்கு முன்பே பேச்சில் தீர்மானமாகி விடுகின்றன. யார் எந்த ஓடையில், எந்த நீர்த்தேக்கத்தில் வேலை செய்கிறார்கள் என்று இலங்கை நீர்வாழ் விஞ்ஞான சஞ்சிகையிலும் சிலோன் விஞ்ஞான சஞ்சிகையிலும் பாருங்கள். இரண்டும் இணையத்தில் இலவசம்.


ஊவா மண் எழுதியது:

பேராதனை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் நீர்வாழ் வளத் தொழில்நுட்பம் தனிப் பட்டமாகவே இருக்கிறது. பெலிஹுல் ஓயாவில் சப்ரகமுவ. கீழே இறங்கினால் களனி, ருஹுணு இரண்டிலும் நன்னீர் ஆய்வுக்குப் பழைய மரபு உண்டு. தமிழில் பேசிப் பழகிய சூழல் வேண்டுமென்றால் யாழ்ப்பாணமும் கிழக்கும் இருக்கின்றன, ஆனால் அங்கே களம் பெரும்பாலும் களப்பும் குளமும்தான். மேற்பார்வையாளர் எங்கே இருந்தாலும் களம் உங்கள் ஊரில் இருக்கலாம். அதையும் மனதில் வையுங்கள்.


நடைமுறை எழுதியது:

எல்லோரும் ஆசை காட்டுகிறார்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். புழு பூச்சி எண்ணுவதற்கு இந்த நாட்டில் யாரும் காசு தரமாட்டார்கள். காசு இருப்பது குடிநீர்த் தரத்தில், பார உலோகத்தில், சிறுநீரக நோய் சார்ந்த ஆய்வில். பேராதனையில் சீன உதவியோடு நீர்த் தொழில்நுட்ப ஆய்வு நிலையமே கட்டியிருக்கிறார்கள், நல்ல உபகரணங்கள் இருக்கின்றன. தங்கச்சி நீர் இரசாயனத்துக்கு மாறினால் படியும் கிடைக்கும், பிறகு நீர் வழங்கல் சபையிலோ சுற்றாடல் அதிகார சபையிலோ தனியார் ஆய்வுகூடத்திலோ வேலையும் கிடைக்கும். குடும்பத்தைத் தாங்க வேண்டிய பிள்ளைக்கு அதுதான் சரியான வழி.


கல்லொட்டி எழுதியது:

நடைமுறை அண்ணா சொல்கிற வேலைவாய்ப்புப் பக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் புழு பூச்சி எண்ணுவது வீண் வேலை என்ற தொனியை ஏற்க முடியாது.

ஒரு போத்தலில் தண்ணீர் அள்ளிக்கொண்டு போய் ஆய்வுகூடத்தில் கொடுத்தால், அள்ளிய அந்த நிமிடத்தில் தண்ணீரில் என்ன இருந்ததோ அது மட்டும்தான் தெரியும். தோட்டத்தில் மருந்து அடிப்பது காலையில், மழை பெய்வது பின்னேரம், நீங்கள் அள்ளப் போவது மூன்று நாள் கழித்து. எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும். கல்லுக்கடியில் இருக்கும் மே ஈ என்ற பூச்சியின் குடம்பி வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அந்த ஓடையிலேயே கிடக்கிறது. நடுவில் ஒரு நாள் நஞ்சு வந்தாலும் அது செத்துப்போகும், அடுத்த தடவை நீங்கள் போகும்போது அந்த இடம் காலியாக இருக்கும். மே ஈ, கல் ஈ, கடிஸ் பூச்சி மூன்றும் சுத்தமான, ஒட்சிசன் நிறைந்த நீரைக் கேட்பவை. அவை குறைந்து சிவப்புப் புழுவும் அட்டையும் நத்தையும் பெருகினால் அந்த ஓடைக்கு என்னவோ நடந்திருக்கிறது. இதை இரசாயனம் தனியாகச் சொல்லாது.

அதோடு இங்கே செய்ய வேண்டிய அடிப்படை வேலையே பாக்கி கிடக்கிறது. பூச்சிகளை வைத்து ஓடையின் தரத்தைக் கணிக்க நாம் பயன்படுத்தும் புள்ளி முறை 1970களின் கடைசியில் பிரித்தானிய ஆறுகளுக்காக உருவானது. ஒவ்வொரு உயிரினக் குடும்பத்துக்கும் ஒன்றிலிருந்து பத்து வரை புள்ளி. அங்கே மாசைத் தாங்காத ஒரு குடும்பத்தைச் சேர்ந்த நம் இனம் இங்கே தாங்கக்கூடும், மறுபக்கமாகவும் நடக்கலாம். கல் ஈ இங்கே இயற்கையாகவே மிகக் குறைந்த இனங்கள்தான். அது இல்லாததால் ஓடை கெட்டுப்போனது என்று எழுத முடியாது. மலைநாட்டுக்கென்று தனியாகச் சகிப்புப் புள்ளி வகுப்பது ஒரு முழு பி.எச்.டி.க்கு உரிய வேலை, அப்புறம் அதை எல்லோரும் பயன்படுத்துவார்கள்.


பீலிக்கரை எழுதியது:

கல்லொட்டி சொன்னதோடு சேர்த்து, நம் மலைநாட்டில் என்னென்ன கேள்விகள் கிடக்கின்றன என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீளமாகத்தான் வரும்.

முதலாவது மழை. மஸ்கெலியா, ஹட்டன், நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஓடை பொங்கி ஓடும். அதே மாதங்களில் பதுளை, வெலிமடைப் பக்கம் வறட்சி, கச்சான் காற்று. டிசெம்பரில் எல்லாம் தலைகீழாக மாறும். ஒரே மலைத்தொடர், ஒரே உயரம், இரண்டு பக்கமும் எதிரெதிர்ப் பருவம். பூச்சிகள் எப்போது இறக்கை முளைத்துப் பறக்கின்றன, வெள்ளம் அடித்த பிறகு எத்தனை நாளில் ஓடை மறுபடி நிரம்புகிறது என்று ஒப்பிட இதைவிட நல்ல இடம் தேடினாலும் கிடைக்காது. ஊவாவிலும் ஹட்டனிலும் ஒவ்வொரு ஓடையை வைத்து ஒரு வருடம் பார்த்தாலே ஒரு நல்ல தொடக்கம்.

இரண்டாவது மரக்கறித் தோட்டம். நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் கிழங்கும் கரட்டும் லீக்ஸும் ஓடைக்கரை வரை இறங்கி வந்துவிட்டன. உரம் மழையோடு ஓடைக்குள் போகிறது, அங்கிருந்து நீர்த்தேக்கத்துக்கு. கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இல் நீலப்பச்சை அல்கா பெருகி மேற்பரப்பில் படர்ந்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பிறகு 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்து, அதே வருடம் தடையை எடுத்தார்கள். விவசாயிகளுக்கு அது பெரிய அடி. அதற்கு முன்னும் பின்னும் நீர்த் தரவு எடுத்து வைத்திருக்கும் யாராவது இருந்தால், அந்தத் தரவைத் தேடிப்பிடித்து ஆராய்வதே ஒரு எம்.பில். அளவுக்கு வரும்.

மூன்றாவது மின்சாரம். காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை என்று பெரிய நீர்த்தேக்கங்கள் ஒரு பக்கம், ஓடைக்கு ஓடை சிறு நீர்மின் நிலையங்கள் இன்னொரு பக்கம். சிறு நிலையம் ஓடையைத் தடுத்து நீரைக் குழாயில் எடுத்துக்கொண்டு போய்க் கீழே விடுகிறது. நடுவில் உள்ள பகுதி கோடையில் வெறும் பாறை. எவ்வளவு நீர் விட்டால் அந்தப் பகுதியில் உயிர் தங்கும் என்பதை நம் ஓடைகளில் அளந்து சொல்ல ஆள் தேவை. தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் தொடங்கிய பிறகு சென் கிளயார் அருவியில் விழும் நீர் எப்படி மாறியது என்று ஊர்ச் சனத்துக்குத் தெரியும். உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது நிலத்தடி நீர் உள்ளே பாய்ந்து பண்டாரவளைப் பக்கம் கிணறும் ஊற்றும் வற்றிப்போனதும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஊற்றுகளில் வாழ்ந்த உயிர்கள் என்ன ஆயின என்று கேட்டால் பதில் சொல்ல யாராவது வேண்டாமா?

நான்காவது நம் மலையின் சொந்த உயிர்கள். இலங்கையில் நன்னீர் நண்டு மட்டும் ஐம்பது இனத்துக்கு மேல், கிட்டத்தட்ட எல்லாமே உலகில் வேறெங்கும் இல்லாதவை. பல இனங்கள் ஒரு மலை, ஒரு ஓடை என்று சின்ன இடத்துக்குள் அடங்கியவை. ஹோட்டன் சமவெளியின் ஓடையில் ஒரு சின்ன இறால் இருக்கிறது, அதுவும் அந்தப் பக்கத்துக்கே உரியது. அதே ஓடைகளில் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தூண்டில் போட்டு விளையாடக் கொண்டுவந்த ட்ரவுட் மீன் திரிகிறது. ட்ரவுட் இருக்கும் பகுதியையும் அருவிக்கு மேலே அது ஏற முடியாத பகுதியையும் வைத்து இறாலின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிநாட்டுப் பேராசிரியர் யாரிடம் இந்தக் கேள்வியைச் சொன்னாலும் உட்கார்ந்து கேட்பார்.

வெளியார் நம் ஓடைகளின் அருமையை எப்போதோ கண்டுகொண்டார்கள். 1970இல் வியன்னாவில் இருந்து ஒரு குழு வந்து மலை ஓடைகளில் இறங்கி மாதிரி எடுத்துக்கொண்டு போய், வருடக்கணக்கில் கட்டுரைகள் எழுதியது. தோட்டத்துப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரிலேயே குளித்து, பீலியில் குடத்தை வைத்துப் பிடித்து வளர்ந்தவர்கள். எந்த மாதம் நீர் கலங்கும், எந்த மூலையில் மருந்து டாங்கி கழுவுகிறார்கள், எந்த வருடம் மீன் செத்து மிதந்தது என்று நமக்குத் தெரியும். அந்த அறிவு ஆய்வுக்குள் வர வேண்டும் என்பது என் ஆசை.


அகரக்காரி எழுதியது:

பீலிக்கரை அண்ணா, வாசித்துவிட்டு நேற்றிரவு தூங்கவில்லை. நான் யோசித்திருந்தது இவ்வளவுதான்: எங்கள் ஓடையில் ஒரு மரக்கறித் தோட்டம் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம், இரண்டிலும் மாதம் ஒரு முறை மாதிரி எடுத்து ஒப்பிடுவது. இதை எம்.பில். முன்மொழிவாக எழுதலாமா?


கல்லொட்டி எழுதியது:

இளமாணி ஆய்வுக்கு அது போதும், எம்.பில்.லுக்குப் போதாது. காரணத்தை விளங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நேர்முகத்தில் இதைத்தான் கேட்பார்கள். மேலே உள்ள இடமும் கீழே உள்ள இடமும் தோட்டத்தால் மட்டும் வேறுபடவில்லை. கீழே ஓடை அகலம், நிழல் குறைவு, நீர் கொஞ்சம் சூடு. வித்தியாசம் தெரிந்தால் அது உரத்தாலா, வெயிலாலா? ஒரு ஓடையில் நூறு தடவை மாதிரி எடுத்தாலும் அது ஒரு ஓடைதான். ஆகவே பல ஓடைகள் வேண்டும். மரக்கறிக்குள் ஓடுபவை, தேயிலைக்குள் ஓடுபவை, காட்டுக்குள் ஓடுபவை என்று மூன்று கூட்டம், ஒவ்வொன்றிலும் நாலைந்து ஓடை, உயரமும் அகலமும் முடிந்தவரை ஒத்திருக்க வேண்டும். கரையில் மரம் விட்டு வைத்த தேயிலை ஓடையும் விடாத தேயிலை ஓடையும் கிடைத்தால் இன்னும் நல்லது. கரையில் எத்தனை மீற்றருக்கு மரம் விட்டால் பூச்சிகள் தங்குகின்றன என்று நீங்கள் சொல்ல முடிந்தால் அது தோட்டக் கம்பனிக்கும் தேவையான பதில்.

இன்னொன்று, கரைந்த ஒட்சிசன் அளக்கும் மீட்டரில் உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். 15 பாகை நீரில் கடல்மட்டத்தில் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குச் சற்று மேல் வரை கரையும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே அதே குளிர்ந்த நீரில் 8 சொச்சம்தான் கரைய முடியும். இது தெரியாமல் ஒட்சிசன் குறைந்துவிட்டது என்று எழுதி, பரீட்சகரிடம் மாட்டிக்கொள்கிற பிள்ளைகள் உண்டு.


மழைக்கால அக்கா எழுதியது:

களத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பெண்பிள்ளை என்பதால் நான் சொல்கிறேன்.

தனியாக ஓடைக்குப் போக வேண்டாம். உதவிக்கு ஊரில் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், கூலியையும் முன்மொழிவின் செலவுப் பட்டியலில் போடுங்கள். மேலே மழை இருட்டினால் கீழே வெயில் அடித்தாலும் ஏறிவிடுங்கள், மலை ஓடையில் நீர் வரும் வேகம் சொல்லித் தெரியாது. அட்டைக்கு சவர்க்காரத்தைக் காலுறையில் தேய்த்துக்கொண்டால் போதும். தோட்டத்துக்குள் இறங்க மனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பல்கலைக்கழகக் கடிதத்தலைப்பில் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் வனஜீவராசிகள் திணைக்களம், ஒதுக்குக் காடு என்றால் வனத் திணைக்களம். இந்த அனுமதி வர மாதங்கள் எடுக்கும், பதிவு செய்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்ப வேறு அனுமதி. அது இல்லாமல் ஒரு பூச்சியைக்கூட யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

மாதிரி எடுக்கும்போது வலையைக் கீழ்ப்பக்கம் பிடித்து, மேல்பக்கம் காலால் கல்லைக் கலக்கி, பெரிய கல்லைக் கையால் தடவிக் கழுவி, எல்லாவற்றையும் வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். இரண்டு நிமிடம் அசையாமல் பார்த்தால் தட்டு முழுக்க அசையும். மணல் துகளை ஒட்டி வீடு கட்டியிருக்கும் கடிஸ் புழு சருகுத் துண்டு மாதிரிக் கிடக்கும், அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளே போடுங்கள், பேனா மை எதனோலில் கரைந்துவிடும். உருவத்தைப் பார்த்து இனம் காண 70 வீத எதனோல் போதும், டி.என்.ஏ. எடுப்பதென்றால் 95. மறுநாள் எதனோலை மாற்றுங்கள், பூச்சியின் உடல்நீர் சேர்ந்து ஐதாகிவிடும். எதனோலுக்குக் கலால் கட்டுப்பாடு இருப்பதால் உங்கள் பல்கலைக்கழகத் திணைக்களம் வழியாகத்தான் எடுக்க முடியும், அதையும் முதலிலேயே சொல்லி வையுங்கள்.


மகாவலியின் பிள்ளை எழுதியது:

வெளிநாட்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஐரோப்பாவில் இதே துறையில் இருக்கிறேன்.

இரண்டு வகை உண்டு. ஒன்று புலமைப்பரிசிலைப் பிடித்துக்கொண்டு போவது: பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜப்பானின் மெக்ஸ்ட், ஃபுல்பிரைட், எராஸ்மஸ் முண்டஸ், இந்தியாவின் ஐ.சி.சி.ஆர்., ஜெர்மனியின் டாட் (DAAD). டாட்டின் அபிவிருத்தி சார்ந்த முதுமாணிகளுக்குப் பொதுவாக இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், ஆகவே இங்கே ஆய்வு உதவியாளராக இருந்த காலம் வீணாகாது. மற்றது ஆளைப் பிடித்துக்கொண்டு போவது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பேராசிரியரின் மானியத்திலோ கற்பித்தல் உதவியாளர் பதவியிலோ படிப்புச் செலவு முழுக்கவோ பெரும்பகுதியோ அடங்கிவிடும். அங்கே டிசெம்பர், ஜனவரியில் விண்ணப்பம் முடியும் என்பதால் ஆகஸ்ட், செப்டெம்பரிலேயே பேராசிரியர்களுக்கு எழுத வேண்டும். ஐரோப்பாவில் பி.எச்.டி. பல இடங்களில் ஒரு வேலை, சம்பளத்தோடு விளம்பரம் வரும், ஆனால் முதுமாணி இருக்க வேண்டும். பெர்லினின் லைப்னிட்ஸ் நன்னீர் நிறுவனம், சுவிட்சர்லாந்தின் ஏவாக் நீர் ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் பக்கங்களை அடிக்கடி பாருங்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட், வியன்னா, கென்யாவின் எகர்டன் மூன்றும் சேர்ந்து ஏரியியலும் ஈரநில முகாமையும் என்றொரு முதுமாணி நடத்தி வந்திருக்கின்றன, அதையும் பாருங்கள். கிட்டே போக வேண்டுமென்றால் பெங்களூரின் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம். மேற்குத் தொடர்ச்சி மலையும் நம் மலையும் உயிரியலில் ஒரே கூட்டம் என்பதால் கேள்விகளும் ஒத்துப்போகும்.

ஒரு கட்டுரையாவது வெளிவந்த பிறகு எழுதினால் பதில் வரும் வீதம் கூடும். அதனால்தான் உங்களுக்கு என் யோசனை, இங்கே எம்.பில். ஒன்றைத் தொடங்குங்கள், இளமாணி ஆய்வை ஒரு சின்னக் கட்டுரையாக்குங்கள், அப்புறம் வெளியே எழுதுங்கள்.


நடைமுறை எழுதியது:

சரி, கல்லொட்டி சொன்ன காரணங்கள் எனக்கு விளங்குகின்றன. ஆனால் மாதச் செலவு என்று ஒன்று இருக்கிறது. மானியம் மூன்று வருடத்துக்கு வரும், பணம் மூன்று மாதம் பிந்தி வரும். இதைச் சொல்லாமல் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கிவிடக் கூடாது.


ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

நடைமுறைத் தம்பி சொல்வது உண்மை. மகளே, நியமனத்தையும் ஆராய்ச்சியையும் எதிரெதிராக வைக்க வேண்டியதில்லை. எம்.பில்.லைப் பகுதிநேரமாகவும் பதியலாம், காலம் கூட எடுக்கும். நம் பாடசாலைகளில் தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லாமல் வகுப்புகள் கிடக்கின்றன. நீங்கள் போனால் அந்தப் பிள்ளைகளுக்கும் நல்லது. ஆனால் ஒரு நிபந்தனையோடு சொல்கிறேன்: முதல் இரண்டு வருடத்தில் களவேலைக்கு நேரம் கிடைக்கிற பாடசாலையாக, ஓடைக்குக் கிட்ட இருக்கிறதாகப் பாருங்கள். தூரத்து நியமனத்தை எடுத்துவிட்டு ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் இரண்டும் நடக்காது. மானியத்தோடு முழுநேர இடம் கிடைத்தால் அதையே முதலில் எடுங்கள்.


அகரக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் ஆசிரியர் சேர் சொன்னதை வாசித்துக் காட்டினேன். இரண்டு வருடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். மேற்பார்வையாளருக்கு அனுப்பப் போகும் கடிதத்தின் சாரம் இது, ஆங்கிலத்தில் எழுதுவேன், திருத்தித் தாருங்கள்:

"மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, நான் சிறு வயது முதல் இயற்கையை நேசிப்பவள். நன்னீர்ச் சூழலியலில் மிகுந்த ஆர்வம் கொண்டவள். உங்கள் கீழ் ஆராய்ச்சி செய்ய ஒரு வாய்ப்புத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். என் தகைமைகள் இணைப்பில் உள்ளன."


ஹந்தானை எழுதியது:

இந்தக் கடிதம் யாரும் யாருக்கும் அனுப்பக்கூடியது. உங்களிடம் இருப்பது மற்றவர்களிடம் இல்லை, அதை முதல் வரியில் வையுங்கள். இப்படி, ஆனால் முடிவுகளை நீங்கள் உண்மையில் கண்டபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"அக்ர ஓயாவின் கிளை ஓடை ஒன்றில் ஒரு வருடம் அடித்தள முள்ளந்தண்டிலிகளை மாதிரி எடுத்தேன். மரக்கறித் தோட்டத்துக்குக் கீழே மே ஈக் குடும்பங்கள் குறைவதைக் கண்டேன், ஆனால் நிழலின் விளைவையும் உரத்தின் விளைவையும் பிரிக்க முடியவில்லை. கரையில் மரம் உள்ள, இல்லாத பல தேயிலை ஓடைகளில் இதைச் சோதிக்க விரும்புகிறேன். உங்கள் கட்டுரையில் பயன்படுத்திய முறை இதற்குப் பொருந்துமா என்று கேட்கலாமா? உங்கள் மானியங்களில் ஆய்வு உதவியாளர் இடம் இருந்தால் எம்.பில்.லுக்கு விண்ணப்பிக்க விருப்பம். அந்த ஓடைகளை அண்டிய தோட்டத்தில் வசிக்கிறேன், களத்துக்குத் தங்குமிடச் செலவு இல்லை."

கடைசி வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம். மானியம் வைத்திருப்பவருக்குப் பெரிய தலைவலியே வாகனமும் தங்குமிடமும்தான். ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டாம், ஒவ்வொருவரின் ஒரு கட்டுரையையாவது உண்மையாகவே வாசித்துவிட்டு எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லாவிட்டால் ஒரு நினைவூட்டல், அதற்குப் பிறகு நேரே திணைக்களத்துக்குப் போங்கள். இங்கே நேரில் போனால் மரியாதையாகத்தான் நடத்துவார்கள்.


வெலிமடைப் பையன் எழுதியது:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு மூன்று வருடப் பொதுப் பட்டம்தான், உயிரியல் பிரிவு. எனக்கு வழி உண்டா?


ஹந்தானை எழுதியது:

உண்டு தம்பி, ஒரு படி கூட. ஆய்வுப் பகுதியோடு கூடிய முதுமாணி, அதாவது 10ஆம் மட்டம், முதலில் செய்யுங்கள். அதில் நல்ல புள்ளி எடுத்தால் எம்.பில்.லுக்கும் பி.எச்.டி.க்கும் கதவு திறக்கும். அதற்குக் கட்டணம் உண்டு, ஆகவே ஏதாவது ஒரு ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராகவோ ஆய்வு மானியத்தில் கள உதவியாளராகவோ வேலை எடுத்துக்கொண்டு படிப்பது நல்லது. வெலிமடையில் இருக்கிறீர்கள், உமா ஓயா பக்கத்தில். கல்லொட்டி சொன்ன மூன்று கூட்ட ஓடைகளில் மரக்கறிக் கூட்டம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. அகரக்காரி தங்கச்சியோடு பேசி வையுங்கள். ஆட்கள் தேவைப்படும்.


அகரக்காரி எழுதியது:

தம்பி, உள்பெட்டியில் எழுதுங்கள். உங்கள் பக்கத்து ஓடைகளில் கரையில் மரம் நிற்கிறவை எவை என்று ஒரு பட்டியல் போட்டுத் தந்தால் கடிதத்தோடு இணைத்து அனுப்புவேன். ஊரின் பெயர், ஓடையின் அகலம், கரையில் என்ன பயிர், இந்த மூன்றும் போதும்.